ஓடுகிற வண்டி

விருதுநகர் பக்கம் ஒரு ஊர். பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அங்கிருந்த ஒரே கணினி வழியாகத்தான் அச்சுக்குப் போயின. ஆயுத பூஜை தோறும் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் கேபினட்டில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. நான் போனது 2017 மே மாதக் கடைசியில்.

"இன்னுமா எக்ஸ்பி, அண்ணாச்சி?"

"நல்லா ஓடுற வண்டியக் கழட்டி என்ன செய்யச் சொல்லுதீக தம்பி?"

நியாயமான கேள்வி. தையல் மெஷினுக்குப் பல்சக்கரம் தேயும், மோட்டாருக்குப் பேரிங் போகும். இயங்குதளம் என்பது எண்களின் வரிசை. அதில் தேய ஒன்றுமில்லை. 2001 அக்டோபர் 25 அன்று எக்ஸ்பி வெளிவந்தபோது குறுவட்டில் இருந்த அதே பூஜ்யங்களும் ஒன்றுகளும் இன்றும் ஒன்று பிசகாமல் அப்படியே இருக்கின்றன. துருப்பிடிக்காத, தேயாத, கறுக்காத ஒரு பொருளைப் பழசு என்று சொல்வதற்கு என்ன பொருள்?

அன்றைக்கு அண்ணாச்சியிடம் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "வைரஸ் வந்திரும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். "அதான் ஆன்டிவைரஸ் இருக்கே" என்றார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஓட்டைகள். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட எந்த நிரலும் பிழையில்லாமல் பிறப்பதில்லை. பெரும்பாலான பிழைகள் யாரையும் கடிக்காமல் கிடக்கும். சில மட்டும் வெளியாள் உள்ளே நுழையும் வாசல் ஆகிவிடும். அவை எப்படி வாசலாகின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு நிரல் வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கிவைக்க நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. 64 எழுத்துகளுக்கு என்று வைத்துக்கொள்வோம். வருவது 64-க்குள் இருக்கிறதா என்று சரிபார்க்க நிரல் எழுதியவர் மறந்துவிட்டார். 100 எழுத்துகள் வந்தால் மிச்சம் 36-ம் பக்கத்து இடத்தில் வழிந்து, அங்கிருந்ததன் மேல் எழுதிக்கொள்ளும். அந்தப் பக்கத்து இடத்தில்தான், "இந்த வேலை முடிந்ததும் அடுத்து எந்த முகவரிக்குப் போக வேண்டும்" என்ற குறிப்பு இருக்கிறது. அனுப்புகிறவர் சூதுவாது தெரிந்தவராக இருந்தால், வழிந்துபோகும் 36 எழுத்துகளில் தனக்கு வேண்டிய முகவரியை எழுதி அனுப்புவார். கணினி எதையும் சந்தேகிக்காமல் அங்கே போய், அவர் அனுப்பிவைத்த கட்டளைகளை அவருக்காகவே நிறைவேற்றும். உலகத்தை உலுக்கிய கணினிப் புழுக்கள் பலவற்றின் அடிப்படை இந்த எளிய வழிதலும் அதன் பங்காளிகளும்தான்.

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் நிறுவனம் பேட்ச் போடும். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. பேட்ச் வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். போட்டுக்கொண்டவருக்குத் தீர்ந்தது. போடாதவருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

ஒரே கொத்தனார் ஒரே வரைபடத்தில் ஒரு தெருவில் பத்து வீடு கட்டுகிறார். முதல் வீட்டுக்காரர் ஒருநாள் புறவாசல் சுவரில் ஒரு இடத்தை மட்டும் கொத்திவிட்டுப் புதுச் சிமென்ட் பூசுகிறார். தெருவில் போகும் திருடனுக்கு அந்த ஈரச் சிமென்ட் போதும். மற்ற ஒன்பது வீட்டிலும் சுவர் எங்கே பலவீனம் என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. கணினி உலகிலும் இதுவே நடக்கிறது. பேட்சுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது தேர்ந்தவர்களுக்குச் சில நாள் வேலை. 2003 ஜூலை 16 அன்று எக்ஸ்பியின் ஓட்டை ஒன்றுக்கு பேட்ச் வந்தது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் புழு புறப்பட்டது. இடையில் 26 நாள். அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு, 60 விநாடியில் அணைந்துவிடுவேன் என்று எண்ணிக்கை இறங்கும் அந்தச் சின்னப் பெட்டி நினைவிருக்கும்.

இப்போது இதையே நீட்டிப் பாருங்கள். 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்குப் பொது ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு வந்த விண்டோஸ்கள் வேற்று வீடுகள் அல்ல; அதே அஸ்திவாரத்தில் எழும்பியவை, பல அறைகள் அப்படியே பழையவை. ஆகவே 2014-க்குப் பிறகு விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் மாதாமாதம் போட்ட ஒவ்வொரு பூச்சும், எக்ஸ்பியில் எங்கே இடிக்கலாம் என்பதற்கான குறிப்பாக மாறிப்போனது. எக்ஸ்பிக்குச் சிமென்ட் பூச மட்டும் ஆள் இல்லை. கோப்பில் ஒரு எண்கூட மாறாமல், மாதத்துக்கு மாதம் அது பலவீனமாகிக்கொண்டே போனது. இயங்குதளம் பழசாவது இப்படித்தான். அதற்குள் எதுவும் கெடவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு அதைப் பற்றிய அறிவு கூடிக்கொண்டே போகிறது.

நான் அண்ணாச்சி கடைக்குப் போனதற்குச் சில நாள் முன்புதான், 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாகிரை வெளிக்கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கேட்கும் நிரல் அது. மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம், எதையும் சொடுக்க வேண்டாம். கணினி வலைப்பின்னலில் இருந்தாலே போதும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானே தாவியது. தாவப் பயன்பட்ட வழி, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பு. 1980-களில் பிறந்த கிழவர் அவர். அந்த ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்துத் தனக்கென்று மறைத்துவைத்திருந்தது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கியவர்கள் அதற்கான கருவியை ஊருக்கெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பேட்ச் அதற்கும் ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும்.

சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை அமைப்புகள் தடுமாறின. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸ்கள் திருப்பிவிடப்பட்டன. அந்த நாட்டின் 22 வயது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ், புழு அடிக்கடி ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்து, அந்த முகவரியை 10.69 டாலருக்குத் தன் பெயரில் பதிவு செய்தார். முகவரி உயிர்பெற்றதும் புழு அடங்கியது. மறுநாள் மைக்ரோசாஃப்ட், வழக்கத்துக்கு மாறாக, ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆன எக்ஸ்பிக்கும் பேட்ச் வெளியிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் என் வாதத்துக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் காஸ்பர்ஸ்கி நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது, மாட்டிய கணினிகளில் 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று தெரியவந்தது. எக்ஸ்பி அல்ல! எக்ஸ்பி கணினிகளில் பெரும்பாலும் புழு சரியாக வேலை செய்யாமல், நீலத்திரையோடு கணினியே விழுந்துவிட்டது. பூட்டுவதற்குக்கூட அது நின்று கொடுக்கவில்லை. அண்ணாச்சி கேட்டிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார்.

விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது, பேட்சும் இருந்தது, இரண்டு மாதமாக. போடத்தான் இல்லை. ஆகவே புது இயங்குதளம் வாங்குவதையே பாதுகாப்பு என்று நினைப்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆள் நடமாட்டமுள்ள பழைய வீடு, பூட்டிப்போட்ட புது வீட்டைவிட மேல். பழைய இயங்குதளத்தின் சிக்கல், அங்கே நடமாட ஆளே கிடையாது என்பதுதான். விண்டோஸ் 7 வைத்திருந்தவர் மார்ச் மாதமே பேட்ச் போட்டிருக்கலாம். எக்ஸ்பி வைத்திருந்த சாதாரண ஆளுக்கு அன்று போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதே ஓட்டை விண்டோஸ் 10-லும் இருந்தது. வான்னாகிரை கையாண்ட கருவி மட்டும் அங்கே எடுபடவில்லை. பேட்ச் ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பது. ஓட்டை இருந்தாலும் உள்ளே வந்தவன் தடுமாறும்படி வீட்டையே மாற்றிக் கட்டுவது வேறு வேலை. அது பெரும்பாலும் புதுப் பதிப்பில்தான் சாத்தியம்.

முன்பு சொன்ன வழிதலை நினைத்துக்கொள்ளுங்கள். தாக்குகிறவருக்கு இரண்டு வசதிகள் தேவைப்பட்டன: அவர் அனுப்பிய தகவலைக் கணினி கட்டளையாக நம்பி ஓட்ட வேண்டும், எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதலாவதைத் தடுக்க 2004-ல், எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில், "இந்தப் பகுதி தகவலுக்கு, இங்கே இருப்பதைக் கட்டளையாக ஓட்டாதே" என்று நினைவகத்தில் குறியிடும் முறை வந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் வன்பொருளும் அந்த ஆண்டுகளில்தான் செயலிகளில் நுழைந்தது. இரண்டாவதை எக்ஸ்பியால் தடுக்கவே முடியவில்லை. அதில் முக்கியமான கோப்புகள் நினைவகத்தில் எப்போதும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒரு எக்ஸ்பியில் பலித்த தாக்குதல் அதே பதிப்பு ஓடும் எல்லா எக்ஸ்பியிலும் பலிக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் இது மாறியது. கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் 256 இடங்களில் ஏதோ ஒன்றில், சீட்டுக் குலுக்கியதுபோல், போய் அமர்ந்தன. தாக்குகிறவர் குருட்டாம்போக்கில் ஊகிக்க வேண்டியதாயிற்று. ஊகம் தவறினால் நிரல் விழும், சத்தம் கேட்கும், குட்டு வெளிப்படும். பிந்தைய 64 பிட் பதிப்புகளில் சீட்டுகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. மெதுவாக ஓடியதற்காக விஸ்டாவை எல்லோரும் திட்டினோம். நானும்தான். அது நமக்காகச் செய்த இந்த வேலை கண்ணுக்குத் தெரியவில்லை.

சுற்றுப்புறம் மாறுவதால் வரும் மூப்பு தனி. இணையத்தில் வங்கியோடு பேசும்போது கணினிகள் தங்களுக்குள் ரகசிய மொழி ஒன்றை ஒத்துக்கொள்கின்றன. டிஎல்எஸ் என்ற அந்த மொழியின் பழைய பதிப்புகள் உடைக்கப்பட்டதால், அட்டைப் பணப்பரிமாற்றம் செய்யும் தளங்கள் 2018 ஜூன் 30-க்குள் டிஎல்எஸ் 1.0-ஐக் கைவிட வேண்டியதாயிற்று. எக்ஸ்பியோடு வந்த உலாவிக்குத் தெரிந்தது அதுவரைதான், டிஎல்எஸ் 1.2 பேச அதற்கு வராது. குரோம் 2016 ஏப்ரலிலேயே எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. மொழி மாறிவிட்ட ஊரில் பழைய மொழி மட்டும் தெரிந்தவர் நிற்பதுபோல எக்ஸ்பி நின்றது.

மொழி என்றதும் தமிழ். தமிழ்க் கணினிப் பயனாளிகளுக்கு இயங்குதள மாற்றம் வெறும் பாதுகாப்பு விஷயமாக இருந்ததில்லை. "கொ" என்று எழுதும்போது நாம் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் போடுகிறோம். யூனிகோடில் அது ககரம், பிறகு ஒகரக் குறி என்று இரண்டே எண்களாகச் சேமிக்கப்படுகிறது. குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எழுத்தைத் தாண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். விண்டோஸ் 98-க்கு அது தெரியாது. அதனால்தான் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழை உட்கார வைத்தன. நாம் "அம்மா" என்று தட்டினால் கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை.

விண்டோஸ் 2000 தான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் காட்டக் கற்ற முதல் விண்டோஸ். அடுத்து வந்த எக்ஸ்பியில் வசதி இருந்தது, ஆனால் கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். உடனே அது எக்ஸ்பி குறுவட்டைக் கேட்கும். குறுவட்டு யாரிடம் இருந்தது? அந்த டிக் இல்லாமல் தமிழ் வலைப்பக்கங்களைத் திறந்து, கொம்பும் காலும் இடம்மாறிக் கிடப்பதைப் பார்த்து, தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்கள் பலர். விஸ்டாவில் அந்தப் பெட்டியே காணாமல் போனது. தமிழ் தானாகத் தெரிந்தது. 2010 ஜூலையில் அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறியும் அப்படித்தான். விண்டோஸ் 7-க்கு அது புதுப்பிப்பாக வந்து சேர்ந்தது. எக்ஸ்பி அந்தக் குறி இருந்த இடத்தில் கட்டம் காட்டியது. ரசீது அடிக்கும் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன!

மாற்றாதவர்கள் எல்லாம் சோம்பேறிகள் அல்ல. இருபதாண்டு உழைக்கும்படி செய்த ஸ்கேன் இயந்திரத்தோடு ஒட்டிப்பிறந்த இயங்குதளத்தை மட்டும் தனியே மாற்ற முடியாது. மென்பொருள் எழுதியவர் கடையை மூடியிருப்பார். நம் ஏடிஎம்களில் எக்ஸ்பி பல ஆண்டு ஓடியது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி தவணை வைத்துத்தான் நெருக்க முடிந்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 ஜூனுக்குள் முழுவதும். புதுப்பிப்பே ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. விமானநிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிறது என்று 1995-லேயே அலுத்துக்கொண்டவர் நிக்லவுஸ் விர்த். பாஸ்கல் மொழியைப் படைத்தவர். புதுப் பதிப்பைப் பழைய கணினியில் ஏற்றிவிட்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடி தேநீர் குடித்த யாரும் அவரோடு தகராறு செய்ய மாட்டார்கள்.

அண்ணாச்சி அந்த ஆண்டு தீபாவளிக்கு மாறினார். பாதுகாப்பு பற்றி நான் சொன்னது எதுவும் காரணமில்லை. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும் பத்திரிகை வாசகத்தை மறுபடி உட்கார்ந்து பாமினியில் தட்ட வேண்டியிருந்த கைவலிதான் காரணம். ஏழாம் தலைமுறை ஐ3 செயலியோடு ஒரு கணினி, விண்டோஸ் 10. பழையதைத் தூக்கிப்போடவில்லை, நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, நுனியைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொண்டார். நான் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பென்டிரைவ் ஒன்று இரண்டுக்கும் இடையே போய்வந்தது. அந்தப் பென்டிரைவ் வேறெங்கும் போகக்கூடாது என்று மட்டும் சொன்னேன். போகத்தான் செய்திருக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த மாதம் கூப்பிட்டார். "தம்பி, பதினொண்ணுக்கு உம்ம மெஷினு ஆகாதுன்னு திரையில போடுதான். வண்டி நல்லாத்தானய்யா ஓடுது?"

இந்த முறை எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் அதிகமாகப் பட்டது. விண்டோஸ் 11, கணினி தொடங்கும்போது யாரும் குறுக்கே கைவைக்கவில்லை என்று சரிபார்க்கவும் ரகசியச் சாவிகளைக் காக்கவும் உதவும் டிபிஎம் 2.0 என்ற ஏற்பாட்டைக் கேட்கிறது. அது நல்ல காரணம். அவர் கணினியிலும் பயாஸுக்குள் அணைத்துவைக்கப்பட்டிருந்த அது, போட்டதும் உயிர்பெற்றது. ஆனால் இன்டெல் என்றால், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்கமாட்டேன் என்கிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவர் உணரக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. நன்றாக இயங்கும் இரும்பையும் சிலிக்கானையும் குப்பைக்கு அனுப்பும் இந்த எல்லைக்கோட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. லினக்ஸ் போடலாம் என்றேன். அதே கணினியில் இன்னும் பல ஆண்டு பேட்சோடு ஓடும். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் பற்றியும் சொன்னேன். போட்டோஷாப் வருமா என்று கேட்டார். வராது. அதோடு பேச்சு நின்றது.

கடைசியில், மைக்ரோசாஃப்ட் ஓராண்டுக்கு நீட்டித்துத் தரும் பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்த்துவிட்டேன். அவர்கள் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் காசு கேட்பதில்லை. பேரன் கடவுச்சொல்லை வைத்திருந்தான். எந்தத் தேதி வரைக்கும் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பர்மனென்ட் மார்க்கரால் 13-10-2026 என்று எழுதி, கேபினட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.